ஜாக்கெட் அளவு வேறு, பாடி அளவு வேறு

புற்றுநோய் வந்து பிழைத்தவர்கள் எழுதியதை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நிறையப் படித்தேன். எல்லாரும் கட்டியிலிருந்து தொடங்குகிறார்கள். நான் பிராவிலிருந்து தொடங்கப் போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. மார்பகம் என்று சொன்னால் மரியாதை, பாடி என்று சொன்னால் வெட்கம் என்று நினைத்து வாழ்ந்தவள்தான் நானும். அந்த வெட்கத்தில் எனக்குப் பல மாதம் வீணாய்ப் போனது.

வீடு வல்லம் வடகால். வீட்டுக்காரர் ஏழுமலை கம்பெனி பஸ் ஓட்டுகிறார். மகள் பவித்ரா தண்டலம் பக்கம் கல்லூரியில் படிக்கிறாள். எனக்கு ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. செல்போனுக்குள் போகும் நகத்தளவு போர்டுகளை லென்ஸ் வழியே பார்த்து, கோளாறு இருப்பதைப் பொறுக்கி எடுத்து வைக்க வேண்டும். ஷிஃப்ட் முழுக்க அடுத்தவன் பொருளில் கோளாறு கண்டுபிடித்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் உடம்பில் இருந்தது தெரியவில்லை.

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு சோதனை உண்டு. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும், செக்யூரிட்டி பெண் கையில் ஒரு மெஷினை வைத்து உடம்பு முழுக்கத் தடவுவாள். இரும்பு, தகரம் எது இருந்தாலும் 'பீப்' என்று கத்தும். யாரும் போர்டைத் திருடிக்கொண்டு போகக்கூடாதாம். பிராவின் பின்னால் இருக்கும் கொக்கிக்கும் அது கத்தும். கத்தினால் பக்கத்தில் திரைச்சீலை போட்ட அறைக்குள் கூட்டிப் போய்க் கையால் தடவிப் பார்ப்பார்கள். எங்கள் வாசலில் சுகன்யா என்றொருத்தி. செய்யாறு பக்கத்துப் பெண், முப்பதுகூட இருக்காது. சிரிக்கவே மாட்டாள்.

"இன்னாக்கா, கொக்கி வெச்சத போட்டுகினு வராதன்னு எத்தினி வாட்டி சொல்றது? பின்னால லைன் நிக்குதில்ல?"

அதனால் லென்ஸ் முன்னால் வரிசையாக உட்காரும் எங்கள் லைனில் எல்லாரும் ஒரே மாதிரி பாடிதான். கொக்கியே இல்லாமல், பனியன் மாதிரி தலைவழியாக மாட்டுவது. ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் ஒரு கடையில் கிடைக்கும். யாராவது ஒருத்தி போகும்போது எல்லாருக்கும் சேர்த்து வாங்கி வருவாள். அளவு கேட்டால் நாங்கள் சொல்வது ஜாக்கெட் அளவு. டெய்லர் மார்பைச் சுற்றி டேப் வைத்து 'முப்பத்தெட்டு' என்று சொல்லியிருப்பார். அதுவே பாடிக்கும். எனக்கும் அப்படித்தான், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. ஜாக்கெட்டுக்கு முப்பத்தெட்டு என்றால் பாடிக்கும் முப்பத்தெட்டு. இது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எங்கள் லைனில் யாருக்கும் சொல்லவில்லை.

முப்பத்தெட்டு எனக்கு முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் முதுகில் ஏறும். பிடிக்கிறதே என்று நாற்பது வாங்கினேன். முதுகில் இன்னும் ஏறியது. பட்டையை இழுத்துத் தையல் போட்டுக் குட்டையாக்கினேன், தோளில் பள்ளம் விழுந்தது. பிறகு நாற்பத்திரண்டு. ஒவ்வொரு முறை பெரிசாக வாங்கும்போதும் தொல்லையும் பெரிசானது. அடி விளிம்பு கீழே நிற்காமல் ஏறி வந்து இடது மார்பின் மேலேயே உட்காரும். சாயங்காலம் கழற்றினால் அந்த இடத்தில் சிவப்பாகக் கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே ஒருநாள் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. பாடி அழுத்தி ரத்தம் கட்டியிருக்கிறது என்று நினைத்தேன். வலிக்கவில்லை. வலிக்காததைப் போய் யாரிடம் சொல்வது? தேங்காயெண்ணெய் தடவினேன்.

சாப்பாட்டு நேரத்தில் லைனில் ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். "டைட்டா போட்டா கட்டி வரும்க்கா, லூசா வாங்கு" என்றாள். அதற்குமேல் லூசாக வாங்குவதென்றால் மாடிக்குப் போட்ட தார்ப்பாய்தான் பாக்கி.

பென்னலூரில் என் நாத்தனார் விஜயா வீடு. ஏழுமலைக்குத் தங்கை. ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள், ஆனால் அவள் வாய் இல்லையென்றால் இன்று நான் இல்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது எனக்குப் புது ஜாக்கெட்டின் கொக்கி எட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு விஜயா மாட்டிவிட வந்தாள். பாடி ஏறி நின்றதால் இடது மார்பின் அடிப்பக்கம் அவள் கண்ணில் பட்டது.

"அண்ணி, இது இன்னா?"

"பாடி தடம்."

"தடம்னா செவப்பா இருக்கும். இங்க தோலு உள்ள இழுத்துகினு குழியா கீது. எத்தினி நாளா?"

"கொஞ்ச நாளா. வலிக்கல."

"வலிக்கலன்னு பாத்துகினு இருந்தியா? தாலி கட்டி முடியட்டும், நேரா ஆஸ்பத்திரி."

அன்று சாப்பாட்டுப் பந்தியில் நான் வடை சாப்பிட்டேனா என்று எனக்கு நினைவில்லை. விஜயா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டே மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரி என்றால் காத்திருப்பதுதான். ஊசி, மருந்தெல்லாம் நடுநடுவே வருவது. கம்பெனி மருத்துவ அட்டை இருந்ததால் செலவுக்கு யாரிடமும் கை நீட்டவில்லை. ஆனால் அட்டையை வைத்துக்கொண்டு ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு நடந்த நடையில் நான் திருப்பதிக்கே போய் வந்திருப்பேன்.

முதலில் மேமோகிராம். அது மார்புக்கு எடுக்கிற எக்ஸ்ரே. இரண்டு தட்டுக்கு நடுவே மார்பை வைத்துச் சப்பாத்தி மாதிரி அழுத்துவார்கள். வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன், ஆனால் மூச்சைப் பிடித்து விடுகிற நேரம்தான். அடுத்தது பயாப்ஸி. அந்த இடத்தை மரத்துப் போகச் செய்துவிட்டு, கொஞ்சம் தடிப்பான ஊசியை விட்டு, கட்டியிலிருந்து நூல் மாதிரி ஒரு துண்டு எடுப்பார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி 'டக்'கென்று ஒரு சத்தம். அந்தத் துண்டை லென்ஸ் வைத்துப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்வார்கள். என் வேலையை என் உடம்புக்கே யாரோ செய்துகொண்டிருந்தார்கள்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா என்னைவிடச் சின்னவள், ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்தாள். டாக்டர்கள் கிட்டே வந்து உட்கார்ந்தால் சேதி நல்லதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"கேன்சர்தான்மா. ஆனா பரவறதுக்கு முன்னாடி வந்துட்டீங்க. கட்டி இருக்கிற இடத்துக்கும் அளவுக்கும் அந்தப் பக்கம் முழுசா எடுக்கறதுதான் நல்லது."

எனக்கு வாயில் வந்த கேள்வி ஒன்றே ஒன்று. "டைட்டா பாடி போட்டதால வந்துச்சா டாக்டர்?"

"இல்லம்மா. தப்பான அளவு போட்டா தோல் செவக்கும், தோள் வலிக்கும், முதுகு வலிக்கும். கேன்சர் அதனால வராது. வலிக்கலன்னுதான் நிறைய பேர் லேட்டா வர்றாங்க. இது ஆரம்பத்துல வலிக்காது."

வெளியே வந்ததும் ஏழுமலை தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். நான் குடித்ததும் வாங்கி மூடினார். மறுபடியும் திறந்து கொடுத்தார். மூன்றாவது முறை கொடுத்தபோது, "எனக்குப் போதும்யா, நீ குடி" என்றேன். அப்போதுதான் அவர் அழுதார். நான் அழவில்லை. எனக்குப் பயம் இருந்தது, ஆனால் அந்தப் பெரிய மனுஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுவதைப் பார்த்ததும் யாராவது ஒருத்தர் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஆபரேஷனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? தூங்கினேன், எழுந்தேன். இடது பக்கம் இல்லை. அக்குளிலிருந்து சில நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். உடம்பின் கழிவுநீர் ஓடும் வழியில் இருக்கும் சின்னச் சின்ன வடிகட்டிகள் என்று டாக்டரம்மா சொன்னாள். நோய் பரவினால் முதலில் அங்கேதான் வருமாம். என்னுடையதில் வரவில்லை. தையலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குழாய், அதன் முனையில் ஒரு டப்பா. உள்ளே ஊறும் நீர் அதில் இறங்கும். விஜயா அதற்கு ஒரு துணிப்பை தைத்து வந்தாள், தோளில் மாட்டிக்கொள்ள. பையில் பூ போட்டிருந்தது. "ஷாப்பிங் போற மாரி கீது அண்ணி" என்றாள்.

வார்டில் ராத்திரி விளக்கை அணைக்கமாட்டார்கள். யாராவது முனகுவார்கள், யாராவது முருகனைக் கூப்பிடுவார்கள். நான் போர்வைக்குள் கையை விட்டு, கட்டு போட்ட தட்டையான இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். சாவைவிட எனக்கு இன்னொரு பயம் பெரிதாக இருந்தது என்றால் நம்புவீர்களா? கம்பெனி வாசல். வேலைக்குத் திரும்பிப் போனால் அந்தத் திரைக்குப் பின்னால் சுகன்யாவின் கை என் நெஞ்சில் என்னத்தைத் தொடும்? அவள் முகம் எப்படிப் போகும்? சாப்பாட்டு நேரத்துக்குள் லைன் முழுக்கத் தெரியுமே. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த லென்ஸும் அந்த நாற்காலியும் என்னுடையவை. வீட்டில் உட்கார்ந்தால் நான் நோயாளி. அங்கே போனால் கோமதியக்கா.

குழாயை எடுத்த பிறகு மெத்தென்ற, முன்பக்கம் திறக்கிற பிரா வாங்கச் சொன்னார்கள். விஜயா அன்று ஷிஃப்டில் இருந்தாள். ஏழுமலையே பஜாருக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் போன். எனக்குக் கையைத் தூக்க முடியாததால் பக்கத்துப் படுக்கை அம்மாள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"கோமதி, முப்பத்தெட்டா, நாப்பத்திரண்டா? அதோட பின்னால ஏ, பி, சின்னு இன்னாமோ கேக்குறான். உனுக்கு எது?"

வார்டே கேட்டது. மூலைப் படுக்கையில் மூன்று நாளாகப் பேசாமலிருந்த ஒரு பாட்டியம்மா, "பி சொல்லு, எல்லாருக்கும் பிதான்!" என்று கத்தினாள். இன்னொருத்தி, "எக்ஸ்எல்னு கேக்கச் சொல்லு" என்றாள். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தோம். ஏழுமலை மூன்று சைஸில் மூன்று வாங்கி, நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, லஞ்சப் பணம் மாதிரி தலையணைக்கடியில் சொருகினார். மூன்றுமே பொருந்தவில்லை.

கட்டு பிரிக்கிற அறையில் இருந்த சிஸ்டர் திருநெல்வேலிக்காரப் பெண். என் தோளில் இருந்த பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது ஆபரேஷன்ல வந்தது இல்லையேக்கா. இத்தன வருசம் என்ன அளவு போட்டிய?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"ஜாக்கெட் அளவு வேற, இது வேறக்கா. சொல்லுதேன் கேளுங்க. அந்த நம்பரு மார்புக்குக் கீழ, விலாவச் சுத்தி எடுக்க அளவு. அதான் பாரத்தத் தாங்கும், தோள் இல்ல. மார்பச் சுத்தி எடுக்க அளவு அதவிட எத்தன இஞ்சி கூடயோ அதுக்குத்தான் எழுத்து. ஒண்ணுன்னா ஏ, ரெண்டுன்னா பி, மூணு சி, நாலு டி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அதனால போட்டுப் பாத்துத்தான் வாங்கணும்."

"இப்ப ஒரு பக்கம்தானே இருக்கு. சுத்தி எப்படி எடுக்கிறது?"

"நடு முதுகெலும்புல இருந்து, மார்பு இருக்க பக்கத்து மேல கூடி நடு நெஞ்சு வரைக்கும் எடுங்க. அத ரெட்டிச்சாப் போதும்."

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு விஜயா டேப்பை எடுத்தாள். விலாவைச் சுற்றி முப்பத்து மூன்று. ஒற்றைப்படையில் பிரா வராது, முப்பத்து நாலு. பாதிச் சுற்று பத்தொன்பது, இரட்டித்தால் முப்பத்தெட்டு. நாலு இஞ்சி வித்தியாசம். நான் முப்பத்து நாலு, டி. நாற்பத்திரண்டு போட்டுக்கொண்டு திரிந்தவள்.

"அய்யே அண்ணி, உன் முதுவுல இன்னொருத்தி குடியிருக்கலாம், அவ்ளோ லூசு" என்றாள் விஜயா. பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இருந்தப்பவே அளந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் அப்போதுதான் முதல்முறையாக அழுகை வந்தது. போன மார்புக்கு ஒருநாள்கூடச் சரியான துணி போட்டுவிடவில்லையே என்று அழுதேன். பைத்தியக்காரத்தனம்தான். அழுதேன்.

பஜார் கடையில் அந்த அளவு இல்லை. "அதெல்லாம் வராதும்மா, முப்பத்தாறு போடுங்க, அட்ஜஸ்ட் ஆய்டும்" என்றார் கடைக்காரர். நான் இதுவரை அட்ஜஸ்ட் செய்தது போதும் என்று வந்துவிட்டேன். பவித்ரா போனில் ஆர்டர் போட்டாள். வந்ததில் எண்பத்தைந்து என்று அச்சடித்திருந்தது. எனக்கு மயக்கம் வராத குறை. "அது சென்டிமீட்டர்மா, முப்பத்து நாலுதான்" என்றாள் மகள். உலகத்தில் செருப்புக்குக்கூட இத்தனை குழப்பமில்லை.

அடுத்து கீமோ. ஊசி வழியாக மருந்து ஏற்றி, எங்காவது மிச்சமிருக்கும் நோய் பிடித்த அணுவைக் கொல்வது. நல்ல அணுவும் கொஞ்சம் சாகும், அதனால்தான் முடி கொட்டுவதும் குமட்டுவதும். அந்த மாதங்களில் துணி துவைத்துப் போட்டது ஏழுமலை. எங்கள் தெருவில் பாடியைத் துண்டுக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போடுவோம். அவருக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. தெருப்பக்கக் கொடியில், தன் காக்கிச் சட்டைக்குப் பக்கத்தில், வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டினார்.

"இன்னாண்ணா, மானம் போவுது!" என்று விஜயா ஓடி வந்தாள்.

"வெயில் படணும்னு டாக்டரம்மா சொல்லிச்சு. துண்டுக்கடியில எங்கருந்து வெயில் படும்?"

டாக்டரம்மா அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் துண்டு போடவில்லை.

இனி வாசல் பிரச்சினை. தலைவழியாக மாட்டுகிற பாடியை இனி என்னால் போட முடியாது, இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. சுவரில் விரலால் நடந்து நடந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற பயிற்சி கொடுத்திருந்தார்கள். சுவரில் பென்சில் கோடு போட்டு பவித்ரா கைதட்டுவாள். இருந்தாலும் அந்த அளவுக்கு ஏறவில்லை. எனக்குப் பொருந்தியது முன்பக்கம் கொக்கி வைத்தது. கொக்கி என்றால் பீப். பீப் என்றால் திரை.

விஜயா கொக்கிகளையெல்லாம் வெட்டிவிட்டுச் சட்டைப் பொத்தான் வைத்துத் தைத்தாள். இடது பக்கம் உள்ளே பழைய வேட்டித் துணியில் ஒரு பை. அதில் முதலில் பஞ்சு வைத்தோம். கனமே இல்லாததால் பஸ் குலுங்கியதும் அது கழுத்தெலும்பு வரை ஏறி வந்துவிட்டது. பிறகு கேழ்வரகு. வலது பக்கத்தின் கனத்துக்கு ஏற்றபடி கையில் தூக்கித் தூக்கிப் பார்த்து நிரப்பினாள். எறும்பு வந்தது. வறுத்துப் போட்டாள். எறும்பு நின்றது, வறுத்த வாசனை மட்டும் லேசாக. கண்ணாடி முன்னால் நின்றேன். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. பட்டை தோளை அறுக்கவில்லை. முதுகில் எதுவும் ஏறவில்லை. ஒரு பக்கம் போன பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பொருந்திய பாடி அது.

வேலைக்குத் திரும்பிய நாள், வரிசையில் நின்றேன். அதே சுகன்யா. மெஷின் இடுப்பில் வந்தது, அமைதி. நெஞ்சில் வந்தது, அமைதி. நான் மூச்சு விட்டேன். தோளுக்குப் பின்னால் போனதும், பீப்.

கொக்கியை எடுத்தோம், தோள் பட்டையை ஏற்றி இறக்குகிற சின்ன வளையத்தை மறந்துவிட்டோம். தலைவழி பாடியில் அது இருக்காது, அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

"உள்ள வாக்கா" என்றாள்.

திரைக்குள் போனதும் அவள் கை வருவதற்கு முன்னால் நானே பேசிவிட்டேன். "தோள்ல வளையம் கீது, அதான் கத்துது. இடது பக்கம் தொட்டின்னா கேவுறுதான் இருக்கும். எடுத்துட்டாங்க. கேன்சர்." ஒரே மூச்சில் சொன்னேன். சொன்ன பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

சுகன்யா மெஷினை ஸ்டூலில் வைத்தாள். திரை சரியாக மூடியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். வெளியே லைனில் யாரோ, "இன்னா இவ்ளோ நேரம்?" என்று கத்தினார்கள். அவள் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"அக்கா, உனுக்கு மொதல்ல வலிச்சுதா?"

"இல்ல. வலிக்கவேயில்ல."

அவள் கை தன் காக்கிச் சட்டையின் வலது பாக்கெட் மேல் போய் நின்றது. "எனுக்கு இங்க ஒண்ணு தட்டுப்படுது. பட்டாணி மாரி. பாடி அழுத்தி வந்ததுன்னு நெனச்சிகினு... வலிக்கலயேன்னு உட்டுட்டேன்." அந்தச் சிரிக்காத முகம் சின்னக் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது.

கட்டியெல்லாம் கேன்சர் இல்லை, பார்த்தால்தான் தெரியும் என்று அவள் தோளைப் பிடித்துச் சொன்னேன். "நாளைக்கே லீவு போடு."

"தர மாட்டாங்கக்கா. தனியா எங்க போறதுன்னும் தெரியாது."

"நான் வரேன். எந்த ஜன்னல்ல நிக்கணும்னு எனுக்கு மனப்பாடம்."

லைனுக்குப் போனேன். என் நாற்காலியில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள், எழுந்து இடம் விட்டாள். லென்ஸைத் துடைத்துக்கொண்டே சூப்பர்வைசரைக் கூப்பிட்டு நாளைக்கு லீவு வேண்டும் என்றேன். திரும்பி வந்த முதல் நாளே லீவு கேட்கிறவளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"இன்னாக்கா, திரும்பவும் ஒடம்பு சரியில்லயா?"

"எனுக்கு இல்ல" என்றேன்.